அட்டையில் ஒரு சிக்னல் கேபின்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்காரர் போன் செய்தார். அதுதான் எனக்கு முதலில் பொறுக்கவில்லை. ரயில் கிளப் தலைவரிடம், லேஅவுட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், வண்டி எப்போது வரும் என்று கேட்டார். பழைய பேப்பர் எடுக்க வருகிறவரிடம் பேசுகிற குரல் அது. சமையலறையில் நின்றிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. "பத்தொம்பது நாள்தான, பரவாயில்ல, அந்தச் சனிக்கிழமையே வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

லேஅவுட் என்றால் எங்கள் வீட்டின் இரண்டாவது அறை முழுவதும். இடுப்பு உயர முக்காலிகள் மேல் இரண்டு பிளைவுட் பலகைகள், அதில் சுற்றி ஓடும் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு சரக்குக் கொட்டகை, ஒரு கடைத்தெரு. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது அங்கே ஒரு அடி. மனுஷன் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உசரம், அவ்வளவுதான். ரயிலும் தண்டவாளமும் கடையில் வாங்கியவை. கட்டடங்கள் பதினொன்றும் வெறும் காகிதம். யாரோ வரைந்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கும் சுவரையும் கூரையையும் அட்டையில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்து, ஒட்டி இவரே கட்டியவை. பதினாறு வருஷ வேலை.

எனக்கு அந்த ரயிலைக் கண்டாலே ஆகாது. அதை நான் மறைத்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே போகிறவர், சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் வெளியே வருவார். என்னைக் கட்டிக்கொண்டாரா, அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டாரா என்று நாத்தனாரிடம் நான் புலம்பாத நாள் கிடையாது. ஆனால் அவர் போனை வைத்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு அந்த அறையைப் போய்ப் பார்த்தேன்.

இரண்டு வருஷத்தில் அவருக்குக் கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள், சொட்டு மருந்து என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு மிஞ்சியது. லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டார். கிளப்புக்குப் போவதை விட்டார். முன்னறை ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக உட்கார்ந்தபடிதான் இருக்கிறார். எப்போதாவது எழுந்து போய் அந்த இரண்டாவது அறையில் நின்று கூரைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். அவர் எழுந்திருப்பதற்கு இருந்த ஒரே காரணம் அதுதான். அதையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் இந்த மனுஷன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாத்தனாருக்கு இதெல்லாம் சரியாகத்தான் பட்டது. அறை காலியானால் காற்றோட்டமாக இருக்கும், அண்ணன் இடறி விழாமல் நடக்கலாம் என்று போனில் கணக்குச் சொன்னாள். "அண்ணி, அவரே மனச தேத்திக்கிட்டாரு. நீங்க எதுக்குக் கிளறிவிடறீங்க?" என்றாள். அவர் மனசைத் தேற்றிக்கொள்ளவில்லை, மூட்டை கட்டிவிட்டார் என்று சொல்லி நான் போனை வைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் தெரிந்த விஷயம்.

அவரிடம் நேராகவே கேட்டேன். "கண்ணு தெரியாதவனுக்கு ரயில் எதுக்கு?" என்றார். வேறு பேச்சு இல்லை. கெஞ்சினால் இரக்கப்படுகிறேன் என்பார், அழுதால் எழுந்து போய்விடுவார். பேசிப் பிரயோசனம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை செய்துதான் ஆக வேண்டும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிற ஆள் நான். முப்பத்தோரு வருஷம். அங்கே என்னையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை சட்டைக் கையை வெட்டிக்கொண்டிருந்தேன். கையின் முன்பக்க ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, பின்பக்க ஓரத்தில் இரண்டு சின்ன வெட்டு போடுவோம். தைக்கிறவள் எதையும் படிக்க வேண்டாம், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, இரண்டோடு இரண்டைச் சேர்த்துத் தைத்தால் கை தானாக உடம்போடு உட்காரும். எங்கள் பட்டறையில் ஒருத்தி டிவி பார்த்துக்கொண்டே, விரலால் வெட்டைத் தடவிப் பார்த்துச் சேர்ப்பாள். அவள் கண் துணி மேல் இருந்து நான் பார்த்ததில்லை.

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

லேஅவுட்டில் ஸ்டேஷனைத் தாண்டித் தண்டவாளம் வளைகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காலியிடம் இருக்கிறது. அங்கே சிக்னல் கேபின் வர வேண்டும். அதற்கான வரைபடத்தை அவர் கம்ப்யூட்டரில் எப்போதோ எடுத்து வைத்திருந்தார். இரண்டே தாள். ஒன்றில் நாலு சுவர், இன்னொன்றில் கூரையும் தளமும். செங்கல் வரிசை, ஜன்னல் சட்டம், கூரை ஓட்டில் படிந்த கரி வரைக்கும் அச்சாகியிருக்கும். அதைப் பட்டறைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் எடுத்தேன். அவர் இதைத் தன் கையால் கட்ட வேண்டும், கட்டி அந்தக் காலியிடத்தில் வைக்க வேண்டும், வண்டி வருவதற்குள். இதுதான் என் திட்டம். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் சட்டை வெட்டிய கைக்கு ஒரு காகித வீடு எம்மாத்திரம் என்ற திமிர்தான். துணிக்குக் கனம் கிடையாது, அட்டைக்கு உண்டு என்பது மடித்தபிறகுதான் உறைத்தது. கூரையைத் தப்பாக வெட்டித் தொலைத்துவிட்டு, அடுத்த நாள் அந்தத் தாளை மட்டும் திரும்பப் பிரிண்ட் எடுத்து வந்தேன். வைத்தால், தொப்பி பத்தாத தலை மாதிரி நின்றது. என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் நாற்காலியில் இருந்தவரின் கையில் வைத்தேன்.

அவர் விரல் சுவர் ஓரமாகப் போயிற்று. மூலையில் நின்றது. முகம் சுளித்தார். பிறகு கூரையைத் தூக்கி வைத்து, நகத்தால் ஒரு பக்கம், மறுபக்கம் என்று பார்த்தார்.

"இது யாரு கட்டினது?"

"நான்தான்."

"மூலையெல்லாம் வாயப் பொளந்துகிட்டு நிக்குது. அத விடு, கூரையும் சுவரும் ஒரே நாள்ல பிரிண்ட் எடுக்கலயே நீ?"

வேறு வேறு நாள் என்று ஒப்புக்கொண்டேன். ரெண்டு பக்கமும் ஒன்றரை மில்லி குறைகிறது, தாளுக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கிப் போட்டுவிட்டார்கள், அந்தக் கடைக்காரம்மாவைக் கேள் என்றார். கண் இருக்கிற நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதை, கண் இல்லாத மனுஷன் நகத்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை. "நீங்களே வந்து அந்தம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு இந்த மில்லி, சென்டியெல்லாம் வராது" என்றேன். முப்பத்தோரு வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பவள் சொன்ன பொய் அது. அவருக்கும் அது பொய் என்று தெரியும். இருந்தாலும் செருப்பைத் தேடினார்.

ஜெராக்ஸ் கடைக்காரம்மா அவரை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். நூற்றுக்கு நூறு அளவில் வர வேண்டும், சுருக்கவும் கூடாது, பெருக்கவும் கூடாது என்று அவர் சொன்னதற்கு, ஒன்றிரண்டு மில்லியில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று சிரித்தாள். மூணு மில்லி விட்டால் லிஃப்ட் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது என்று இவர் வேலைக்குப் போகிற நாள் குரலில் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது. தாளின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு அச்சாகியிருக்கும், சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே போட்டது. "அளந்து சொல்லு. தோணினத சொல்லாத" என்று என்னிடம் சொன்னார். கழுத்து டேப்பை எடுத்து அளந்தேன். ஐந்துதான். ஆறு செட் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வரும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கூரையை நான் எப்படி வெட்டித் தொலைத்தேன் என்று நோண்டி நோண்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே வழி பண்ணினோம். வெட்ட வேண்டிய கோட்டின் இரண்டு முனையிலும் நான் ஒரு குண்டூசி குத்தி வைப்பேன். அவர் இரும்பு ஸ்கேலைக் கொண்டுபோய் இரண்டு ஊசிக்கும் முட்டுக் கொடுத்து அழுத்திக்கொண்டு, அதை ஒட்டிக் கத்தியை இழுப்பார். மடிக்க வேண்டிய கோட்டுக்குப் பல் சக்கரம். துணியில் அடையாளம் போட நாங்கள் உருட்டுகிற, முள் முள்ளாகப் பல் வைத்த சின்னச் சக்கரம் அது. அச்சடித்த பக்கத்தில் கோட்டின் மேல் உருட்டினால், மறுபக்கத்தில் புள்ளி புள்ளியாக மேடு எழும்பும். விரலுக்கு நன்றாகத் தெரியும். ஒட்டுகிற ஓரங்களில் சட்டைக் கையில் போடுகிற அதே வெட்டு. ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு, பின்சுவருக்கு மூன்று.

மூன்று நாள் என்னைப் பக்கத்தில் விட்டார். அந்த மூன்று நாளும் நான் என் கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பசை மணிக்கட்டு வரை வழிகிறது, நான் பேசக் கூடாது. ஸ்கேல் வழுக்கிக் கத்தி கட்டைவிரலைக் கீறுகிறது, பேசக் கூடாது. இரண்டு செட் குப்பைக்குப் போயிற்று. மூன்றாவது செட்டின் முன்சுவரைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, தானே கண்டுபிடித்து, கசக்கிச் சுவரில் எறிந்தார். எழுந்து போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான் அடுத்த செட்டுக்கு ஊசி குத்தி மேஜையில் வைத்துவிட்டு, "ரெடி" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

நாலாவது நாள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். "நீ பக்கத்துல மூச்சு விடறதே எனக்குத் திட்டற மாதிரி இருக்கு" என்றார். முடிகிற வரை உள்ளே வரக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. ஊசி குத்திய தாளைக் கதவோரம் கொடுத்தால் போதும். ஒற்றைக் காலில் நின்றார். சரி என்றேன். நியாயம்தான், நானே எட்டிப் பார்த்துச் சரி பண்ணிக்கொண்டிருந்தால் அது யார் கட்டிய வீடு?

நாலாவது செட்டும் வீணாகி, ஐந்தாவதைக் கொடுத்த அன்று மத்தியானம் நான் கூடத்தில் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். பட்டறையில் முடியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த காலர்கள், தலைக்கு மேல் வேலை. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"இந்தப் புள்ளி மேடு இருக்கற பக்கம், உள்ள வரணுமா வெளிய வரணுமா?"

"வெளிய," என்றேன். "கைக்குத் தட்டுப்படற மாதிரி வெளிய."

தையலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதன்பிறகு நாட்கள் நன்றாகப் போயின. காலையில் நான் கூப்பிடாமலே எழுந்தார். மூன்றாவது குரலுக்குத்தான் சாப்பிட வந்தார், எனக்கு அதில் கோபமே வரவில்லை. ஒரு நாள் கதவுக்குப் பின்னால் அவர் மெல்ல விசில் அடிப்பது கேட்டது. ஆனால் வண்டி வேண்டாம் என்று அவர் போன் செய்யவில்லை. சாப்பாட்டின்போது ஒருமுறை சாடையாகக் கேட்டேன். "அவங்களுக்கு முழுசா குடுத்துட்டா நிம்மதி. பாதியில நிக்குதேன்னுதான் இத கட்டறேன்" என்றார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். காலியிடத்தை நிரப்பிவிட்டு முழுசாகக் கொடுப்பதற்காகத்தான் இந்த மனுஷன் இத்தனை பாடுபடுகிறார். அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப நான் போட்ட திட்டமே, லேஅவுட்டை மூட்டை கட்ட உதவிக்கொண்டிருக்கிறது.

விட்டுவிடலாமா என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. கிளப் தலைவரே வந்திருந்தார். எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுவதால் எல்லாரும் அவரைப் பச்சைக்கொடி என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரரைவிட ஏழெட்டு வயது சின்னவர், அண்ணே அண்ணே என்று உருகுவார். லேஅவுட்டுக்குக் கிளப் ஹாலில் நடு இடம் ஒதுக்கியாயிற்று, பெயர்ப்பலகைகூட எழுதியாயிற்று என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் கேபினை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தொட்டபடி கூடத்துக்கு வந்தார். பளிச்சென்று சவரம் செய்திருந்தார்.

கேபின் வெள்ளையாக இருந்தது.

முழு வெள்ளை. புது சோப்புக் கட்டி மாதிரி. ஒரு செங்கல் இல்லை, ஒரு ஓடு இல்லை. கூர்மையான மூலைகள், நேராக வெட்டிய ஜன்னல் ஓட்டைகள், நடுவில் உட்கார்ந்த கூரை. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே செங்கல் தெரிந்தது. அச்சடித்தது எல்லாம் உள்பக்கமாகப் போயிருந்தது. அட்டையின் வெறும் முதுகு வெளியே நின்றது.

எனக்கு என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு துணியையும் நாங்கள் உள்புறம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துத்தான் தைக்கிறோம். அடையாளம் போட்ட பக்கம் கைக்குத் தட்டுப்படும், நல்ல பக்கம் உள்ளே ஒளிந்திருக்கும். தைத்து முடித்துவிட்டு ஒரு திருப்புத் திருப்பினால் சட்டை. மேடு வெளியே என்று நான் சொன்னது அந்தப் பழக்கத்தில். வீட்டை யார் திருப்புவது?

பச்சைக்கொடியும் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பிரமாதம் அண்ணே. செங்கல்லெல்லாம் அப்படியே நிஜம் மாதிரி இருக்கு."

என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. எட்டு மாதமாக நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அது அப்படியே இருக்கட்டுமே, ஹாலில் நடுவில் வைக்கட்டுமே, யார் போய் இவரிடம் சொல்லப் போகிறார்கள் என்று ஒரு கணம் எனக்கும் ஆசை வந்தது. அதை மறைக்கக் கூடாது, வந்தது. ஆனால் அவர் திரும்பியது பச்சைக்கொடி பக்கம் இல்லை, நான் நின்ற பக்கம்.

"நீ சொல்லு. கூரையில கரி தெரியுதா?"

இத்தனை பேர் இந்த மனுஷன் காதில் பூ சுற்றியாயிற்று. டாக்டர் சரியாகிவிடும் என்றார், தங்கச்சி நல்லா இருக்கீங்க அண்ணே என்கிறாள், இப்போது பச்சைக்கொடி செங்கல் என்கிறார். நானும் சேர்ந்துகொண்டால் இவருக்கு மிச்சம் யார்? எனக்குக் கோபம் வந்தது, பச்சைக்கொடி மேல் பாதி, என் மேல் பாதி.

"தெரியல. வெள்ளையா இருக்கு. பிரிண்ட் எல்லாம் உள்பக்கம் போயிடுச்சு."

வெளியே வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடு வெளியன்னு நீ சொன்ன," என்றார்.

"சொன்னேன். தையக்காரி புத்தியில சொன்னேன். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல."

பச்சைக்கொடி பதறிப்போய், அதனால் என்ன, பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், கிளப்பில் பையன்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேர வேலை என்று அடுக்கினார். என் வீட்டுக்காரர் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் கட்டைவிரல் கேபினின் சுவரில் மேலும் கீழுமாகப் போய் வந்தது. முகம் செத்துவிட்டது. என் வாயால் அதைச் செய்தேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை.

கேபினை என் பக்கம் நீட்டி, "கட்டுமானம் எப்படி இருக்கு?" என்றார். "கையில வாங்கிப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

வாங்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பட்டறையில் சீருடை பார்க்கிற கண்ணோடு பார்த்தேன். அவசரப்படவில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், கூரையை எடுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மூன்று மூலை ஒட்டின இடம் தெரியாமல் சேர்ந்திருந்தது. பின்பக்க இடது மூலையில் அடியில் ஒரு நூல் அளவு இடைவெளி. கூரை நாலு பக்கமும் சமம். வலது ஓர ஜன்னல் ஒன்று அரை மில்லி சாய்வு. அவ்வளவையும் சொன்னேன். நூல் அளவையும் விடவில்லை.

"நூல்னா எந்த நூல்? உங்க மெஷின் நூலா, கோணி தைக்கிற நூலா?"

"மெஷின் நூல்."

தலையாட்டினார். கண்ணிருந்த காலத்தில் கட்டிய பதினொன்றில் பாதிக்கு இதைவிடப் பெரிய இடைவெளி உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு பச்சைக்கொடி இருந்த திசைக்குத் திரும்பினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார். ஹாலில் இடம் ஒதுக்கியாயிற்றே, எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்களே என்று அவர் இழுத்தார். அதற்கு இவர் சொன்னது இதுதான்.

"தம்பி, லிஃப்ட்ல கோளாறு என்னன்னு தெரியாத வரைக்கும் மெக்கானிக் கெளம்பலாம், நாளைக்கு வரேன்னு சொல்லலாம். என்னன்னு தெரிஞ்சுட்டா அத முடிக்காம எடத்த விட்டு நகரக் கூடாது. எனக்கு இப்ப என்னன்னு தெரிஞ்சு போச்சு."

பச்சைக்கொடி வழக்கம்போல சரி என்று தலையாட்டினார், அது இவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, சரி அண்ணே என்று வாயாலும் சொன்னார். செங்கல் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தாரோ என்னவோ, வாசலில் கொஞ்சம் தயங்கினார். கேட்கவில்லை. வண்டி காலியாகப் போயிற்று.

கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் என் மேல் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"அவன் முன்னாடியே சொல்லணுமா? அவன் போனப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் போறப்ப லேஅவுட்டும் கூடப் போயிருக்கும். அதுவுமில்லாம, நான் சொல்லலைன்னா அடுத்ததையும் நீங்க வெள்ளையாத்தான் கட்டுவீங்க."

"அடுத்ததா?" என்றார். "அடுத்தது ஒண்ணு உண்டுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"நீங்க போன் பண்ணின அன்னிக்கே பண்ணிட்டேன்."

அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே அறைக்குள் போனார், மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு செட் பாக்கி இருக்கிறதே, அதற்கு ஊசி குத்தியாயிற்றா என்று அங்கிருந்து கேட்டார்.